தொப்பியைக் கழற்றிய தரகர்

போன ஞாயிற்றுக்கிழமை குவேக்கர்ஸ் ஹில்லில் சபா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குப் போனால் வேறெங்கும் சாப்பிட எனக்கு அனுமதி இல்லை. சபாவின் மனைவி மலர் போட்ட சட்டம் அது.

நானும் சபாவும் ஹோலில் இருந்தோம். சபாவின் கையில் ஒரு கிளாஸ் பியர். ரீ.வி. தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் பழைய நிகழ்ச்சிகளைத் தூசி தட்டிப் போடுகிறார்களே, அப்படி ஒன்று. திடீரென்று ஒரு கிற்றார் சத்தம் கேட்டது.

குசினியிலிருந்து அகப்பையும் கையுமாக ஓடி வந்தார் மலர்.

"சத்தத்தைக் கூட்டுங்கோ! என்ர கலியாணத் தரகர் வந்திட்டார்!"

திரையில் யார்? தலையில் அகலத் தொப்பி, கழுத்தில் புள்ளி போட்ட கைக்குட்டை, காலில் தூசி படிந்த பூட்ஸ்... அசல் வெள்ளைக்காரர். இந்த நாடே அறிந்த நாட்டுப்புறப் பாடகர். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இவர் எப்படித் தரகர் ஆனார்? நியாயமான கேள்விதான். பதிலில் என்னுடைய பங்கும் கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சம் என்ன... குழப்பியதே நான்தான்.

சபா பியர் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். இதை மனதில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில், கிளேட்டன் கம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பலகை வீட்டில் நானும் சபாவும் வாடகைக்கு இருந்தோம். அவன் சிவில் இஞ்சினியரிங் மேற்படிப்பு, நான் இரசாயனம். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கறுப்பு வெள்ளை ரீ.வி. எங்களுக்குச் சீதனமாகக் கிடைத்திருந்தது. உச்சியை அழுத்திப் பிடித்தால் படம் வரும். பக்கத்தை அழுத்திப் பிடித்தால் சத்தம் வரும். இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் இரண்டு ஆள் வேண்டும்.

அந்தப் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர்தான். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் தொப்பியர். மழை பெய்யாத வருடம், தூர ஓடும் லொறி, செத்துப்போன நாய் -- இவைதான் பாட்டு. செத்துப்போன நாயைப் பற்றி மட்டும் மூன்று பாட்டு வைத்திருந்தார்.

பாட்டு நிகழ்ச்சியில் பாட்டுக்காரர் வருவது சரி. இவர் பொலிஸ் நாடகத்திலும் வந்தார் -- சாட்சி சொல்லும் லொறிச் சாரதியாக. அதே தொப்பி. சிறுவர் நிகழ்ச்சியில் பொம்மைக் கங்காருவோடு சேர்ந்து பாடினார். அதே தொப்பி. ஆஸ்பத்திரி நாடகம் ஒன்றில் கால் முறிந்து கட்டிலில் கிடந்தார். தொப்பியோடுதான் கிடந்தார்!

எங்கள் சினிமாவை நினைத்துப் பாருங்கள். ஹீரோ கன்னத்தில் ஒரு மருவை ஒட்டினால் போதும், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. தொப்பியருக்கு அந்தச் சோலியே இல்லை. எந்தப் படமென்றாலும் அவர் அவராகவே வருவார், ஒரு பாட்டுப் பாடுவார், ஒரு வசனம் சொல்வார், போய்விடுவார். நடிப்பு மருந்துக்கும் கிடையாது. ஆனால், இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது என்று சனம் நம்பியது. நடிக்கத் தெரியாதவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சபாவுக்கு அவர் மீது பைத்தியம். வந்த புதிதில் விரிவுரையாளர்கள் பேசுவது அவனுக்குப் புரியவில்லை. தொப்பியரின் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊர் இங்கிலீஷைப் பிடித்தான். ஒருநாள் கருத்தரங்கில் அவன் பேசியதைக் கேட்ட பேராசிரியர், "நீ எந்த ஆட்டுப் பண்ணையிலிருந்து வருகிறாய்?" என்று விசாரித்தாராம். சபா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் கம்பஸ் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் தொங்கியது. தொப்பியர் நடிக்கும் படம். ஒரு பப் காட்சிக்கு ஆட்கள் தேவை. ஒருநாள் வேலை, மத்தியானச் சாப்பாடு உண்டு, மீசை இருந்தால் விசேஷம்.

சபாவுக்கு மீசைக்குக் குறைவில்லை. நானும் கூடப் போனேன். என் மேலுதட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். பக்கத்துப் பூங்காவில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து பின்னேரம் வரை காத்திருந்தேன்.

வெளியே வந்தவனைப் பார்க்கவேண்டுமே!

"மச்சான், நான் அவருக்குப் பக்கத்துக் கதிரை! ஏழு தரம் எடுத்தவங்கள்!"

வாயிலிருந்து பியர் மணம். ஷூட்டிங் முடிந்ததும் எல்லோருக்கும் தாராளமாக ஊற்றினார்களாம். வாழ்க்கையில் முதல் பியர், அதுவும் இரண்டு கிளாஸ். கிளேட்டன் வரைக்கும் ரயிலில் செத்துப்போன நாய்ப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருவர் ஆறுதல் சொன்னார்.

இதுவரை பிழை ஒன்றும் இல்லை. இனித்தான் என் திருவிளையாடல்.

அந்த வாரம் யாழ்ப்பாணத்தில் இருந்த என் அக்காவுக்கு ஏரோகிராம் எழுதினேன். நீலத் தாள், மடித்து ஒட்டுவது. அதில் வெற்றிடம் விட்டு அனுப்புவது எங்கள் குடும்பத்தில் பெருங்குற்றம். ஓரத்தில்கூடக் குறுக்காக எழுதி நிரப்பவேண்டும். எழுதி முடித்துப் பார்த்தால் ஒட்டும் மடிப்பில் இரண்டு விரல் அகலம் மிச்சம். என்ன எழுதலாம்? சுகம் விசாரித்தாயிற்று. குளிரைப் பற்றி இரண்டு தரம் சொல்லியாயிற்று. சரி என்று ஒரு வரி போட்டேன்: "எங்கள் சபா இங்கே சினிமாவில் நடிக்கிறான்."

அவ்வளவுதான். இரண்டு விரல் இடம்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சபாவுக்கு அங்கே கலியாணம் பேசி முடியும் தறுவாயில் இருந்தது. குறிப்புப் பொருந்திவிட்டது. பெண்ணின் தகப்பன் ஒரு பள்ளிக்கூட அதிபர். நல்ல காரியம் முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று வீட்டில் கட்டளை, அதனால் பயல் என்னிடமே மறைத்துவிட்டான். அக்கா வாயைத் திறக்க அப்படி ஒரு தடையும் இல்லையே! என் வரி கோயில் திருவிழாவில் புறப்பட்டு மூன்றாம் நாள் அதிபரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சபாவின் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அதிபர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: "இஞ்சினியருக்கென்றுதான் பேசினோம். கூத்தாடிக்குப் பிள்ளையைக் கொடுக்க எங்களுக்கு விருப்பமில்லை."

"ஆர் மச்சான் உதை எழுதினது?" என்று சபா கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மண்ணியல் புத்தகத்தைத் திறந்து அதற்குள்ளிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். இரட்டைப் பின்னலோடு ஒரு பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு மாசமா ஒவ்வொரு நாளும் பாக்கிறன். எனக்கு இவவைத்தான் கட்டவேணும். வேற ஆரும் வேண்டாம்."

இரண்டு விரல் இடத்தைச் சும்மா விட்டிருக்கக்கூடாதா?

சபா விளக்கம் எழுதினான். நடிகன் இல்லை, ஒருநாள் மட்டும், பப்பில் ஒரு பாடகருக்குப் பக்கத்தில் சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என்று. உண்மையைத்தான் எழுதினான். விளைவு? "பப்" என்றால் என்ன என்று அதிபர் அகராதியில் பார்த்திருக்கிறார். கூத்தாடி இப்போது குடிகாரனும் ஆகிவிட்டான்.

இன்றைக்கென்றால் மெல்பேர்ண் கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒருவரை விசாரித்தால் நாலு பேர் ஓடிவந்து நற்சான்று தருவார்கள். அன்றைக்குக் கோயில் ஏது? விசாரிக்க ஆள் ஏது? பெண்ணின் தாய்மாமன் மகேசன் அங்கிள் மட்டும் சிட்னியில் இருந்தார். விசாரணைப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கம்பனி ஒன்றில் கணக்காய்வாளர். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற ஆள். போன் எடுத்து என்னுடன்தான் பேசினார்.

"தம்பி, நான் ஆற்ர சொல்லையும் நம்பிறேல்லை. படம் வரட்டும். நானே போய்ப் பாக்கிறன். பெடியன் என்ன கோலத்தில இருக்கிறான் எண்டு பாத்துத்தான் முடிவு சொல்லுவன்."

சபாவுக்குத் தைரியம் வந்தது. "பாக்கட்டும் மச்சான். நான் மரியாதையாத்தான் இருந்தனான்."

மாதங்கள் போயின. படம் வந்தது. முதல் நாளே ஓடினோம். சபா சேர்ட்டை இரண்டு தரம் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டான். ஆடு வந்தது. லொறி வந்தது. தொப்பியர் வந்தார்... பாட்டும் வந்தது. ஆனால் பப் வரவில்லை! பாட்டு முழுவதும் வெறும் புல்வெளியின் மேல் ஓடிற்று. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் சபா எழும்பவில்லை. தரையைக் கூட்டிக்கொண்டு வந்த துடைப்பக்காரர் காலைத் தூக்கச் சொன்னபோதுதான் எழும்பினான்.

அடுத்த நாள் சிட்னியிலிருந்து போன்.

"தம்பி, நானும் மனுசியும் ரெண்டு காட்சி பாத்தனாங்கள். பெடியன் அதில இல்லை. அப்ப உந்தக் கதை எல்லாம் புளுகோ?"

பார்த்தீர்களா? நடித்தான் என்பதற்காக முதலில் வேண்டாம் என்றார்கள். இப்போது நடிக்கவில்லை என்பதற்காக வேண்டாம் என்கிறார்கள். கூத்தாடி, குடிகாரன், பொய்யன். ஒருநாள் ஒரு கதிரையில் சும்மா இருந்ததற்கு மூன்று பட்டம். கம்பஸில் நாலு வருடம் மண்டையை உடைத்தாலும் ஒன்றுதான் தருகிறார்கள்.

கெடுத்தவன் நான். திருத்தவேண்டியவனும் நான்தான். அந்தக் காட்சியில் இருந்தவர்களில் நாடே நம்பும் ஒரே சாட்சி தொப்பியர். அவருக்கே கடிதம் எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எது? அரசாங்கக் கச்சேரிக்கு மனுப் போடும் இங்கிலீஷ். கனம் ஐயா அவர்களே, தங்கள் சமுகத்துக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்... என்று தொடங்கி, என் நண்பனின் விவாகம், சிட்னி மாமாவின் ஐயம், எல்லாவற்றையும் இலக்கமிட்டு எழுதி, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று முடித்தேன். அவர் அடிக்கடி வரும் ரீ.வி. நிலையத்தின் விலாசத்துக்கு அனுப்பினேன். சபாவிடம் சொல்லவில்லை. மூன்று கிழமை பதிலும் இல்லை.

பிறகு ஒரு போஸ்ட்கார்ட் வந்தது. ஒரு தொப்பிப் படம் கீறி, கீழே ஒரே வரி: "சனிக்கிழமை பின்னேரம் ரீ.வி. பார். மாமாவையும் பார்க்கச் சொல்."

மகேசன் அங்கிளிடம் மன்றாடினேன். "உமக்கு விசரே தம்பி? அண்டைக்கு எனக்கு வேலை கிடக்கு" என்றார். "அஞ்சு நிமிசம் அங்கிள்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை. உச்சியை நான் பிடித்தேன், பக்கத்தைச் சபா பிடித்தான். தொப்பியர் வந்தார், ஒரு பாட்டுப் பாடினார். பிறகு நிகழ்ச்சி நடத்துபவரிடம், "எனக்கு வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையான கடிதம் வந்ததே இல்லை" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் மனு! கீழ்ப்படிவுள்ள ஊழியன் வரைக்கும் வாசித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சபா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது.

தொப்பியர் சிரிக்கவில்லை.

"அந்தப் பையன் என் பக்கத்துக் கதிரையில் இருந்தது உண்மை" என்றார். "ஒவ்வொரு தரமும் அவன் முன்னால் ஒரு கிளாஸ் பியர் வைத்தார்கள். ஏழு தரமும் அவன் தொடவில்லை. வீணாகப் போகிறதே என்று என்னுடையதைக் குடித்துவிட்டு அவனுடையதையும் நானே குடித்தேன். பதினாலு கிளாஸ். கடைசியில் என் சொந்தப் பாட்டே எனக்கு மறந்துபோயிற்று. அதனால்தான் அந்தக் காட்சியை வெட்டி எறிந்தார்கள். பிழை என்னுடையது."

சொல்லிவிட்டு, கமராவை நேரே பார்த்து -- தொப்பியைக் கழற்றினார்.

கால் முறிந்து கிடந்தபோதும் கழற்றாத தொப்பி! உள்ளே பளபளவென்று வழுக்கை. அவுஸ்திரேலியா முழுவதும் அன்றைக்குத்தான் அதைப் பார்த்திருக்கும். அதிர்ச்சியில் நானும் சபாவும் ஒரே நேரத்தில் கையை விட்டோம். படம் போயிற்று. சத்தமும் போயிற்று. எங்கே தட்டியும் திரும்பி வரவில்லை.

என்ன சொன்னாரோ? அங்கிள் பார்த்தாரோ? இருவரும் போனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தோம். சபா புகைப்படத்தைக் கையில் வைத்திருந்தான்.

போன் அடித்தது.

"தம்பி..." மகேசன் அங்கிள்தான். "அந்த மனுசன் தொப்பியை நெஞ்சில வைச்சுக்கொண்டு என்னைப் பாத்துச் சொன்னவர். 'சிட்னி மாமா, என்ர மகளெண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு குடுப்பன்' எண்டு. நாடே பாத்துக்கொண்டிருக்க, நான் இனி என்ன கதைக்கிறது?"

"ஓம் அங்கிள்."

"ஒண்டே ஒண்டு. நீர் கூட இருக்கிறவர், உண்மையைச் சொல்லும். பெடியன் அந்தக் காட்சியில பியரைத் தொட்டவனோ?"

ரயிலில் கேட்ட நாய்ப் பாட்டு என் காதில் ஒலித்தது. ஆனால் கேள்வி காட்சியைப் பற்றியதுதானே?

"காட்சியில தொடேல்லை அங்கிள்."

இதற்காக எனக்கு நரகத்தில் இடம் இருந்தால், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருக்காது என்று நம்புகிறேன்.

போனை வைத்துவிட்டுச் சபாவைக் கேட்டேன். "ஏன்டா, ஷூட்டிங் முடிஞ்ச பிறகு ரெண்டு கிளாஸ் குடிச்சனி. காட்சி எடுக்கேக்கை ஏன் தொடேல்லை?"

"ஒருத்தரும் குடிக்கக்கூடாதெண்டு முதலே சொன்னவங்கள் மச்சான். தரத்துக்குத் தரம் பியர் மட்டம் மாறினா படம் ஒட்டாதாம்."

அங்கே இருந்தவர்கள் முப்பது பேர். இருபத்தொன்பது பேர் குடித்தார்கள். பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல அறிவுறுத்தலைக் கடைப்பிடித்தது யாழ்ப்பாணத்தான் ஒருவன்தான். அதை ஒழுக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டுமே! எத்தனையோ பேருடைய ஒழுக்கத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

மலர் வந்தார். கலியாணம் நடந்தது. இவ்வளவு காலமும் இந்தக் கதையை நான்தான் சொல்லி, நான்தான் சிரித்து வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அகப்பையோடு நின்ற மலரைப் பார்த்துச் சொன்னேன்: "அண்டைக்கு அந்த மனுசன் பியர்க் கதையைச் சொல்லியிராட்டி உங்கட கலியாணம் நடந்திராது."

மலர் ரீ.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பியரோ? அது அப்பாக்கும் மாமாக்கும் அண்ணை. என்னை ஆரும் கேட்டவையோ? அப்பா வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வேற ரெண்டு இடம் பாத்தவர். நான் மாட்டனெண்டு சாப்பிடாமல் கிடந்தனான்."

"ஏன்?"

"ஏனோ? உங்கட அக்கா சொன்னவ, இவர் சினிமாவில நடிக்கிறாரெண்டு!"

என் இரண்டு விரல் இடம்! எதை அழிக்க நானும் சபாவும் தொப்பியருமாக ஓடுப்பட்டுத் திரிந்தோமோ, அதைத்தான் அந்தப் பெண் அங்கே பிடித்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறார்.

"நடிகர் ஒருத்தர் நிப்பாரெண்டு நினைச்சு வந்து பிளேனால இறங்கினன்" என்றார் மலர். "பாத்தா ஒரு இஞ்சினியர் நிக்கிறார்."

சபா மலரைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் இது புதிது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திரையில் அந்தப் படத்திலிருந்து ஒரு துண்டு போட்டார்கள். ஆடு, லொறி, தொப்பியர், புல்வெளி. மலர் அகப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இமை வெட்டாமல், பாட்டு முடியும்வரை நின்றார். முடிந்ததும் குசினிப் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்கும் இவர் இருக்கிற துண்டைப் போடேல்லை."

காட்சி முடிந்து தொப்பியர் திரையை விட்டுப் போன பிறகுதான் சபா பியர் கிளாஸைத் தொட்டான்.